கடப்பாரை எடுக்கும் முன் கடுதாசி எழுதுவோம்!

அறுவடைக் கூலி கைக்கு வந்த வாரம், மில்லில் போனஸ் பட்டுவாடா ஆன வாரம் - உழைப்பாளி வீடுகளில் கொத்தனாரின் கரண்டிச் சத்தம் கேட்பது இந்த நாட்களில்தான். ஓட்டைப் பிரித்துத் தளம் போடுகிறார்கள். மகனுக்குக் கலியாணம் என்று ஓர் அறை சேர்க்கிறார்கள். இருட்டும் வரை காத்திருந்து வெளியே போய்வந்த பெண்களுக்காகக் கழிப்பறை கட்டுகிறார்கள். பணக்காரன் வீட்டை மாற்றுவது அழகுக்காக. நம்முடைய ஆட்கள் மாற்றுவது இடம் போதாததால், ஒழுகுவதால், மானத்தோடு வாழ வேண்டும் என்பதால்.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பி.எப்.பிலிருந்து எடுத்த முன்பணம், தாலிக்கொடியை வைத்து வாங்கிய அடகுப் பணம், மகளிர் குழுக் கடன், பாங்கியில் ஏற்கெனவே உள்ள வீட்டுக் கடனின் மேல் இன்னொரு கடன். புதுச் சுவரில் ஏறும் ஒவ்வொரு செங்கல்லும் இனிமேல் செய்யப்போகும் வேலையை அடமானம் வைத்து வாங்கிய செங்கல்.

இப்படி எழுப்பிய சுவர் விழுந்தால் என்ன ஆகும்? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைத் தாக்கியபோது ஓடும் ஷீட்டும் காகிதம்போலப் பறந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லைச் சீமையில் கொட்டிய மழை, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பதிவாயிற்று. இவற்றுக்கெல்லாம் சர்க்கார் நிவாரணம் தருகிறது. தரத்தான் வேண்டும், குறைந்தால் போராடிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நிவாரணம் வேறு, நஷ்ட ஈடு வேறு. நிவாரணத் தொகை அணைந்த அடுப்பை மூட்ட உதவும். விழுந்த வீட்டை எழுப்ப அது போதாது. கடன் கொடுத்தவனோ தவணையைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பான்.

ஆகவே, வீட்டைப் புதுப்பிக்கும்போது இன்ஷ்யூரன்ஸைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

இது மாடிவீட்டுக்காரன் சமாச்சாரமா?

"இன்ஷ்யூரன்ஸ் எல்லாம் வசதி படைத்தவனுக்கு, கூலிக்காரனுக்கு எதற்கு?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். நாம் இதைத் தலைகீழாகப் பார்க்கிறோம். பத்து வீடு உள்ளவன் ஒன்று இடிந்தால் மீதி ஒன்பதில் போய்ப் படுப்பான். ஒரே வீடு உள்ளவன் தெருவில்தான் நிற்க வேண்டும். இழப்பைத் தாங்கச் சக்தி இல்லாதவனுக்குத்தான் நஷ்ட ஈடு அதிகம் தேவை.

இன்னொன்று. பாங்கியில் வீட்டுக் கடன் வாங்கிய தோழர்களில் பலர், தமக்கே தெரியாமல் இந்தப் பிரிமியத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடன் கொடுக்கும் நாளில் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாள்களில் இதுவும் ஒன்று. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில பேரிடம் இருப்பது கடன் வாங்கியவர் இறந்துபோனால் கடனை அடைக்கும் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ். அது ஆளின்மேல் போட்டது, வீட்டின்மேல் போட்டதல்ல. வீடு எரிந்தால் அதிலிருந்து ஒரு காசும் வராது. எனவே முதல் வேலை, டிரங்குப் பெட்டியைத் திறந்து, இருக்கிற தாள் எதன்மேல் போட்டது என்று பார்ப்பது. வீட்டின்மேல் போட்டதுதான் என்றால் பாங்கியின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், நஷ்ட ஈடு முதலில் பாங்கிக்குப் போய், கடன் கழித்த மீதிதான் நமக்கு வரும்.

பாலிஸியில் இருப்பது என்ன?

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளும் ஒரே வாசகம் கொண்ட ஒரு வீட்டுப் பாலிஸியைக் கொண்டுவர வேண்டும் என்று இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. அதன் பெயர் 'பாரத் கிருஹ ரக்ஷா'. தீ, இடி, வெடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், வாகனம் மோதுதல், தண்ணீர்த் தொட்டி உடைதல் - இவற்றால் வீட்டுக்கு வரும் சேதத்துக்கு அது நஷ்ட ஈடு தருகிறது. ஓராண்டுக்கும் எடுக்கலாம், 10 ஆண்டு வரை மொத்தமாகவும் எடுக்கலாம்.

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மனையின் விலை இதில் சேராது. மண்ணை வெள்ளம் கொண்டுபோவதில்லை அல்லவா? வீட்டின் உட்புறத் தரை அளவை, ஒரு சதுர அடி கட்டுவதற்கு இன்று ஆகும் செலவால் பெருக்குகிறார்கள். 400 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாலிஸித் தொகை 8 லட்சம். வீட்டுக்குள் இருக்கும் கட்டில், பீரோ, மிக்ஸி, டி.வி. முதலிய சாமான்களுக்கு இதில் 20 சதவிகிதம், அதாவது 1 லட்சத்து 60 ஆயிரம், பட்டியல் கேட்காமலே சேர்ந்துவிடுகிறது. இதற்கு உச்சவரம்பு 10 லட்சம். நகைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதைத் தனியாகச் சொல்லித் தனியாகப் பிரிமியம் கட்ட வேண்டும். இவ்வளவுக்கும் வருடப் பிரிமியம் சில நூறு ரூபாய்தான்.

நல்ல பாலிஸிதான். ஆனால் அதன் விலக்குப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தோழரும் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வரி அது.

அந்தப் பத்து சதவிகிதம்

பாலிஸி தொடங்கிய நாளிலோ புதுப்பித்த நாளிலோ இருந்த தரை அளவில் 10 சதவிகிதத்துக்கு மேல் அதிகரிக்கும்படி வீட்டில் எதையாவது சேர்த்தால், விஸ்தரித்தால், மாற்றிக் கட்டினால், அந்தச் சேர்க்கைக்குப் பாலிஸி செல்லாது. கூடுதல் பிரிமியம் கட்டி, 'எண்டார்ஸ்மெண்ட்' எனப்படும் சேர்க்கைத் தாளில் அதை ஏற்றியிருந்தால் மட்டுமே செல்லும். வரியின் சாரம் இதுதான்.

இதன் பொருள் என்ன? நம் 400 சதுர அடி வீட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் 10 சதவிகிதம் 40 சதுர அடி. ஆறடிக்கு ஐந்தடியில் ஒரு கழிப்பறை கட்டினால் 30 சதுர அடி, தப்பியது. பத்தடிக்குப் பத்தடியில் ஒரு அறை சேர்த்தால் 100 சதுர அடி. அதாவது 25 சதவிகிதம். எல்லையைத் தாண்டிவிட்டது. பெரிய பங்களாக்காரன் 3,000 சதுர அடியில் 300 சதுர அடி சேர்த்தாலும் எல்லைக்குள்ளேயே நிற்கிறான். சின்ன வீட்டுக்காரன் ஒரே ஒரு அறை கட்டினால் எல்லை தாண்டுகிறான்! விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் வீடு எவ்வளவு சிறியதோ அவ்வளவு சீக்கிரம் அது குரல்வளையைப் பிடிக்கிறது.

நீண்டகாலப் பாலிஸி எடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வருடா வருடம் புதுப்பிப்பவருக்கு ஒவ்வொரு வருடமும் அளவைத் திருத்திச் சொல்லச் சந்தர்ப்பம் வருகிறது. 10 ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டியவருக்கு முதல் நாள் அளவுதான் அளவுகோல். இரண்டாம் வருடம் கழிப்பறை, நாலாம் வருடம் சமையல்கட்டு, ஏழாம் வருடம் மாடியில் ஓர் அறை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எல்லாம் ஒரே கணக்கில் போய் விழும். நீண்டகாலப் பாலிஸியில் தொகை வருடத்துக்கு 10 சதவிகிதம் தானாக உயர்வது உண்மையே. அது சிமெண்டும் கம்பியும் விலை ஏறுவதற்காக. நாம் சேர்த்த அறைக்காக அல்ல.

தரை அளவு கூடாமல் செய்யும் வேலை என்றால் கவலை இல்லையா? அதுவும் இல்லை. ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக்கினாலும், மண் தரையில் டைல்ஸ் பதித்தாலும் வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு ஏறிவிடுகிறது. பாலிஸித் தொகையோ பழைய செலவில் போட்டது. முழுவதும் அழிந்துபோனால் அந்தத் தொகைக்கு மேல் கம்பெனி தராது. 8 லட்சத்துக்குப் பாலிஸி வைத்துக்கொண்டு, 12 லட்சம் பெறும் வீட்டில் குடியிருந்தால், 4 லட்சத்துக்கு நாமே கம்பெனி!

வேலை நடக்கும் நாட்கள்

வீட்டுக்கு மிகவும் ஆபத்தான காலம் எது? சுவர் பாதி இடிந்து, கூரை பிரிந்து, தற்காலிக ஒயர் தொங்கி, வெல்டிங் பொறி பறக்கும் அந்தச் சில வாரங்கள்தான். அந்த வாரங்களில்தான் பாலிஸியின் விலக்குகளும் வந்து சேர்கின்றன.

நிலம் தாழ்ந்து வீடு சேதமானால் நஷ்ட ஈடு உண்டு. ஆனால் இடிப்பு வேலை, கட்டுமானம், மாற்றிக் கட்டுதல், பள்ளம் தோண்டுதல் இவற்றால் நிலம் தாழ்ந்தால் கிடையாது. கரிசல் மண்ணில் பழைய சுவரை ஒட்டி அஸ்திவாரக் குழி தோண்டி, மழை பெய்து, சுவர் இறங்கினால் அந்தச் செலவு நம் தலையில்தான். மோசமான வேலைப்பாட்டாலோ மட்டமான சாமானாலோ நிலம் இறங்கினாலும் அதே கதிதான். புதுக் கட்டிடம் இயல்பாக அமரும்போது விழும் விரிசலுக்கும் பணம் வராது. ஆகவே குழி தோண்டும் முன் விவரமறிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுவது, எந்தப் பாலிஸியையும்விட மலிவான பாதுகாப்பு. பழைய சுவரின்மேல் மாடி எடுப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

மின்சாரக் கோளாறினால் மோட்டாரோ பிரிட்ஜோ கருகினால் அந்தச் சாதனத்துக்குப் பணம் கிடையாது. அதிலிருந்து தீ பரவி வீட்டைப் பிடித்தால், பரவிய சேதத்துக்கு உண்டு. வாசலில் குவித்த சிமெண்ட் மூட்டையும் கம்பியும் ஜல்லியும் வீட்டுச் சாமான் அல்ல. நடந்துகொண்டிருக்கும் கட்டுமானத்துக்கென்று தனிப் பாலிஸி இருக்கிறது. மொத்தக் கான்ட்ராக்ட் எடுக்கும் ஆளிடம் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை முடியும் வரை வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டில் போய் இருப்பதானால் அதையும் கம்பெனிக்குச் சொல்லிவிடுவது நல்லது. ஆளில்லாத வீட்டுக்கு 30 நாள் கெடு வைக்கும் பாலிஸிகள் உண்டு.

திருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை நடக்கும் வீட்டில் ஏதாவது பொருள் காணாமல் போனால் உடனே சித்தாள் பெண்ணை நோக்கி விரலை நீட்டுவது ஊர் வழக்கமாக இருக்கிறது. ஏழையை ஏழையே சந்தேகிக்கும் இந்த வழக்கத்தை நாம் ஒழிக்க வேண்டும். பாலிஸி இந்தத் திருட்டுக்குப் பணம் தராது என்பது தனி விஷயம். புயலோ தீயோ போன்ற சம்பவம் நடந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே அது பொறுப்பு. சாதாரணத் திருட்டுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனவே நகையையும் பத்திரத்தையும் வேலை தொடங்கும் முன் பத்திரமான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். சந்தேகத்துக்கே இடம் இருக்காது.

சாரத்தில் நிற்பவனும் தொழிலாளிதான்

இதுவரை வீட்டுக்காரரின் பக்கம் பேசினோம். அந்த வீட்டுக்குத் தளம் போடும் கொத்தனார், கலவை சுமக்கும் சித்தாள், சென்ட்ரிங் பலகை அடிக்கும் ஆள் - இவர்கள் சாரத்திலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு?

வீட்டுப் பாலிஸி பொறுப்பல்ல. விருப்பப்பட்டால் சேர்க்கக்கூடிய விபத்துப் பிரிவு ஒன்று அதில் உண்டு. அதுவும் வீட்டுக்காரருக்கும் அவருடைய துணைக்கும் மட்டும்தான். வேலை செய்ய வந்தவருக்கு அதில் இடமே இல்லை. வேலையில் அடிபட்டவருக்கு வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்ற நெறியை 1923ஆம் வருடத்துச் சட்டமே இந்த நாட்டில் கொண்டுவந்தது. பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது சேர்க்கப்பட்டது. மில் முதலாளியிடம் நாம் கேட்கும் நியாயம் இது. நம் வீட்டில் நாமே வேலை கொடுக்கும்போது அந்த நியாயத்தை மறக்கலாமா?

மறக்கக்கூடாது. அதற்கு வழியும் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994 முதல் இருந்துவருகிறது. வேலைக்கு வருபவர்களிடம், "வாரிய அட்டை இருக்கிறதா? புதுப்பித்தாயிற்றா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்திலுள்ள சங்கத்துக்கு அழைத்துப் போய்ப் பதிவு செய்ய வையுங்கள். பாங்கிக் கணக்கு உள்ள எவரும், 18 முதல் 70 வயதுக்குள் இருந்தால், வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்குப் பிரதம மந்திரி சுரக்ஷா விபத்துக் காப்பீட்டில் சேரலாம். வேலை தொடங்கும் நாளில் பூசணிக்காய் உடைக்கச் செலவிடும் பணத்துக்கும் குறைவு! அந்தச் செலவை வீட்டுக்காரரே ஏற்றுக்கொண்டால் குறைந்துவிட மாட்டார்.

கம்பெனியின் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது, அதையும் சொல்லிவிடுவோம். 400 சதுர அடிக்குப் பிரிமியம் வாங்கியவன் 500 சதுர அடிக்குப் பொறுப்பேற்க முடியாது என்பது கணக்குப்படி சரிதான். பிரிமியம் என்பது பல ஆயிரம் பேர் போட்ட பொதுப் பணம். ஒருவர் கட்டாத பங்குக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் மற்றவர் பங்கில் துண்டு விழும். 10 சதவிகிதம் வரை கேட்காமலே விட்டுக்கொடுத்திருப்பதும், தொகையைக் குறைத்துப் போட்டிருந்தாலும் சிறு சேதத்தில் அந்த விகிதத்துக்கு வெட்டக்கூடாது என்று இந்தப் பாலிஸியில் விதித்திருப்பதும் பழைய நிலைமையைவிட முன்னேற்றமே.

நம் ஆட்சேபம் விதியின்மேல் அல்ல. அந்த விதி யார் காதிலும் விழாமல் இருப்பதன்மேல்தான். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பல பக்கங்களின் நடுவே அந்த வரி கிடக்கிறது. ரிங் ஃபிரேமில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவரும், நாற்றங்காலில் முதுகு ஒடிய நின்றவரும் அதைத் தோண்டி எடுத்துப் படிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? விற்கும்போது வீடு தேடி வரும் ஏஜெண்டு, சுவர் எழும்பும்போது வருவதில்லை. வீட்டைப் புதுப்பிக்கக் கூடுதல் கடன் கொடுக்கும் பாங்கிக்கு அறை சேர்க்கப்போகிறோம் என்பது தெரியும். பிளான் அனுமதி கொடுக்கும் பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் தெரியும். கட்டிடம் கூடுவது எல்லா ஆபீசுக்கும் தெரியும். பாலிஸி குறைவது மட்டும் வீட்டுக்காரருக்குத் தெரியாது!

நாம் என்ன செய்ய வேண்டும்?

வேலை தொடங்கும் முன் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வாசகம் சுருக்கமாகவே இருக்கலாம்: "என் பாலிஸி எண் இது. வீட்டின் தரை அளவு இப்போது 400 சதுர அடி. இன்ன தேதியில் வேலை தொடங்கி 100 சதுர அடி அறை ஒன்று சேர்க்கிறேன். கூடுதல் பிரிமியம் எவ்வளவு? வேலை நடக்கும் நாட்களில் பாலிஸி செல்லுமா? எழுத்தில் பதில் தரவும்." நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள், தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏஜெண்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. பாங்கி மூலம் எடுத்த பாலிஸி என்றால் ஒரு நகல் பாங்கிக்கும் போகட்டும்.

வேலை முடிந்ததும் இரண்டாவது கடிதம். புதிய அளவு, ஆன செலவு, புதிய தொகை - இவற்றைச் சொல்லி, சேர்க்கைத் தாளைக் கையில் வாங்கும்வரை விடக்கூடாது. அதில் அளவும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

இடிப்பதற்கு முன்பும், கட்டும்போதும், கட்டி முடித்த பிறகும் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சிமெண்ட், கம்பி, டைல்ஸ் ரசீதுகளையும் பிளான் அனுமதியையும் வீட்டு வரி ரசீதையும் ஒரே உறையில் போட்டு, அந்த வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். வீட்டோடு தாளும் எரிந்துபோனால் எதைக் காட்டுவது?

தொகுப்பு வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தளத்தின் காரை உதிர்ந்து, கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால், அது வயதினால் வந்த கேடு. அதற்கு எந்த இன்ஷ்யூரன்ஸும் பணம் தராது. அது சர்க்காரிடம் கேட்டு வாங்க வேண்டிய பழுதுபார்ப்பு. கூரை வேய்ந்த வீடு, தார்ப்பாய் கட்டிய வீடு என்றால், கச்சாக் கட்டிடம் என்று கம்பெனிகள் அதைத் தனியாகப் பிரித்துவிடுகின்றன. முன்கூட்டியே உண்மையைச் சொல்லி, செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் சாமான்களுக்கு மட்டும் பாலிஸி எடுக்கலாம். வீட்டுக்காரர் சுவரை இடித்து மாற்றிக் கட்டும்போது நம் பீரோவும் தையல் மிஷினும் அங்கேதானே இருக்கின்றன?

நஷ்டம் நேர்ந்த பிறகு கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் அத்தோடு விட்டுவிடக்கூடாது. முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். ஆனால் அங்கே போனாலும் முதலில் கேட்பது தாளைத்தான். கடிதத்தின் நகல் கையில் இருக்கிறவன் வாதாடலாம். வாயால் சொன்னேன் என்கிறவன் கெஞ்சத்தான் முடியும்.

நாம் எதைக் கேட்க வேண்டும்?

தனி ஆளின் ஜாக்கிரதை மட்டும் போதாது. 1973 ஜனவரி 1 அன்று, 107 கம்பெனிகளின் பொது இன்ஷ்யூரன்ஸ் வியாபாரம் நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளாக ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் ஒன்றின் தலைமை அலுவலகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. 1999ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு தனியார் கம்பெனிகளும் வந்தன. எந்தக் கம்பெனி விற்றாலும் இந்த வீட்டுப் பாலிஸியின் வாசகம் ஒன்றுதான் என்னும்போது, அந்த வாசகத்தை எளிய தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சடித்துத் தருவதில் என்ன கஷ்டம்?

பிளான் அனுமதி கொடுக்கும் ஆபீசில் அனுமதியோடு சேர்த்து, "உங்கள் வீட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் இருந்தால் கம்பெனிக்குத் தெரிவியுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டுக் கொடுக்கட்டும். புதுப்பிக்கக் கடன் கொடுக்கும் பாங்கி, பணம் தரும் முன் பாலிஸியின் அளவைத் திருத்துவதைத் தன் கடமையாக ஏற்கட்டும். குடிசையில்லாத் தமிழகம் என்று சொல்லி, 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 2024இல் அறிவித்தது மாநில சர்க்கார். வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் என்று ஒதுக்கிய சர்க்கார், அந்தச் சொத்தைக் காக்கச் சில நூறு ரூபாய்ப் பிரிமியத்தையும் சேர்த்து ஒதுக்கினால் கஜானா காலியாகிவிடாது. தனிநபர் ஆயுள் இன்ஷ்யூரன்ஸுக்கும் மருத்துவ இன்ஷ்யூரன்ஸுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. வீட்டுப் பாலிஸிக்கு மட்டும் அந்த 18 சதவிகிதம் நிற்கிறது. உயிருக்கும் உடம்புக்கும் வரி வேண்டாம் என்றால், அந்த உடம்பு ஒதுங்கும் கூரைக்கு மட்டும் ஏன்?

இவற்றைச் சங்கக் கூட்டங்களிலும் கிராம சபையிலும் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். அதுவரை காத்திருக்காமல், ஒவ்வொரு மில் கேட் சங்கத்திலும் ஒவ்வொரு கிராமக் கிளையிலும் படித்த தோழர் ஒருவர், வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, வருகிறவர்களின் பாலிஸியைப் படித்துச் சொல்லி, கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். ஒரு மணி நேர வேலை. ஒரு குடும்பத்தின் இருபது வருட உழைப்பை அது காப்பாற்றலாம்.

அடுத்த வாரம் கொத்தனாருக்கு நாள் குறித்திருக்கும் தோழர்களே! அவருக்கு முன்பணம் கொடுக்கும் அன்றைக்கே அந்தக் கடிதமும் தபாலில் சேரட்டும்.